நேரா ஓடுதா, இம்போர்ட் ஆகுதா? பைத்தானோட அந்த மெயின் வரி பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்ல ஒரு விஷயம். கோடு எல்லாத்தையும் இங்க தமிழ் எழுத்துலயே வாய்ல சொல்ற மாதிரி எழுதியிருக்கேன், நீங்க எடிட்டர்ல அடிக்கிறப்ப இஃப், டெஃப், நேம், மெயின் எல்லாம் வழக்கம்போல ஆங்கிலத்துல அடிங்க. நேம், மெயின் ரெண்டுக்கும் முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர் வரும், அத மட்டும் மறக்காதீங்க.

யார் எழுதின பைத்தான் ஃபைல தொறந்தாலும் கடைசில "இஃப் __நேம்__ == "__மெயின்__":" னு ஒரு வரி இருக்கே, அது என்ன மந்திரமா?

மந்திரமெல்லாம் ஒண்ணும் இல்ல. ரெண்டு சரத்த (ஸ்டிரிங்) ஒப்பிட்டுப் பாக்குற சாதாரண இஃப் தான் அது. எந்த பைத்தான் ஃபைல் ஓடினாலும் அதுக்குள்ள __நேம்__ னு ஒரு வேரியபிள பைத்தானே வச்சிடும், நீங்க எங்கயும் டிக்ளேர் பண்ண வேணாம். அந்த ஃபைல நீங்க நேரா ஓட்டினா அதுல "__மெயின்__" னு இருக்கும், வேற ஃபைல் அத இம்போர்ட் பண்ணிச்சுன்னா மாட்யூலோட (இம்போர்ட் ஆகுற ஃபைலுக்கு அதான் பேர்) சொந்தப் பேர் இருக்கும். அவ்ளோதான் வித்தியாசம்.

கண்ணால பாத்துடுங்க. செவ்வகம்.பை னு ஒரு ஃபைல்:

பிரிண்ட்("நான்", __நேம்__)
டெஃப் பரப்பு(நீளம், அகலம்):
    ரிட்டர்ன் நீளம் * அகலம்
பிரிண்ட்(பரப்பு(12, 5))

டெர்மினல்ல பைத்தான் செவ்வகம்.பை னு ஓட்டினா "நான் __மெயின்__" னு ஒரு வரி, அடுத்து 60. இப்போ பக்கத்துலயே கணக்கு.பை னு இன்னொரு ஃபைல் போட்டு, அதுல "இம்போர்ட் செவ்வகம்" னு ஒரே ஒரு வரி எழுதி ஓட்டுங்க. "நான் செவ்வகம்" னு வரும், கீழயே அந்த 60 ம் வரும். நீங்க கேக்கவே இல்ல, ஆனாலும் வந்துச்சு பாருங்க, பிரச்சனையே அந்த 60 தான். கடைசி பிரிண்ட்ட மட்டும் அந்த இஃப்புக்குள்ள தள்ளிட்டா நேரா ஓட்டுறப்ப வரும், இம்போர்ட்ல வாயே திறக்காது.

(சும்மா ஒரு தகவல், பைத்தான் 3ல வேரியபிள், ஃபங்ஷன் பேரெல்லாம் நெஜமாவே தமிழ்ல வைக்கலாம். பரப்பு, நீளம் எல்லாம் அப்படியே ஓடும். கீவேர்டுதான் ஆங்கிலம்.)

நான் ஒரே ஒரு ஃபங்ஷனத்தான் இம்போர்ட் பண்ணேன், முழு ஃபைலும் ஏன் ஓடுது?

இம்போர்ட்னாலே ஓட்டுறதுதான். இத புரிஞ்சிக்காம இருக்கறதாலதான் பாதி கேள்வி வருது. "ஃப்ரம் செவ்வகம் இம்போர்ட் பரப்பு" னு எழுதினா பைத்தான் போய் பரப்பு ஃபங்ஷன மட்டும் கத்தரிச்சு எடுத்துட்டு வரும்னு நாம நெனைக்கிறோம், அது அப்படி இல்ல. ஃபைல மேலேருந்து கீழ வரைக்கும் முழுசா ஓட்டும், ஓட்டி முடிச்ச பிறகுதான் அதுலேருந்து பரப்புங்கற பேர மட்டும் உங்க கைல குடுக்கும். டெஃப்ங்கறதே பைத்தான்ல ஓடுற ஒரு வரிதான், அது ஓடினாத்தான் ஃபங்ஷன்னு ஒண்ணு உருவாகும், அப்ப ஓட்டாம எப்படி எடுக்குறது?

அதனால பாக்க வேண்டியது இடது ஓரம். ஓரத்த ஒட்டி நிக்கிற ஒவ்வொரு வரியும் இம்போர்ட்லயும் ஓடும். டெஃப்புக்கு உள்ள தள்ளி நிக்கிறது யாராவது கூப்பிடுற வரைக்கும் தூங்கும்.

நான் இத அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். பழைய லாக் ஃபைல்கள அழிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருந்தேன், அதுல தேதிய ஒழுங்கா பிரிச்சு குடுக்குற ஃபங்ஷன் ஒண்ணு நல்லா வந்திருந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு வேற வேலைக்கு அந்த ஃபங்ஷன் தேவைப்பட, காப்பி பேஸ்ட் பண்றது அசிங்கம்னு நல்ல புள்ளையா இம்போர்ட் பண்ணேன். ஓட்டினேன். அழிக்கிற லூப் இடது ஓரத்துல இருந்துச்சு, போல்டர் பேர் "இப்ப நிக்கிற இடம்"னு வச்சிருந்தேன், அந்த நேரம் நான் நின்னுட்டு இருந்தது வேற ப்ராஜெக்ட்ல. எர்ரர் கூட வரல, எல்லாம் சுத்தமா அழிஞ்சு முடிஞ்சுது. காப்பி பேஸ்ட்டே பண்ணியிருக்கலாம்.

அப்போ சரியா எப்படி எழுதறது?

வேலைய எல்லாம் மெயின்னு ஒரு ஃபங்ஷனுக்குள்ள போடுங்க, கடைசில ரெண்டே வரி:

இஃப் __நேம்__ == "__மெயின்__":
    சிஸ்.எக்ஸிட்(மெயின்())

மேல இம்போர்ட் சிஸ் இருக்கணும். சிஸ்.எக்ஸிட் எதுக்குன்னா, மெயின் திருப்பிக் குடுக்குற எண் அப்படியே ப்ராசஸோட எக்ஸிட் கோடா போகும். 0 னா நல்லபடியா முடிஞ்சுது, வேற எண்ணுன்னா ஏதோ சரியில்ல. ஒண்ணும் திருப்பிக் குடுக்கலன்னா 0 தான். ஒரு சரத்த திருப்பிக் குடுத்தா அத ஸ்டாண்டர்ட் எர்ரர்ல அச்சடிச்சிட்டு 1 னு வெளிய வரும். ஷெல் ஸ்கிரிப்ட்லயோ கிரான்லயோ (நேரம் குறிச்சு வச்சு தானா ஓட்டுற வசதி) மாட்டி விடப் போறீங்கன்னா இது ரொம்ப முக்கியம், உங்களுக்கு மட்டும் ஓட்டிப் பாக்குற ஸ்கிரிப்ட்டுன்னா வெறும் மெயின்() போதும்.

மெயின்ங்கற ஃபங்ஷன் பேருக்குத் தனி மரியாதை எதுவும் கிடையாது. ஓடு()ன்னு வைங்க, ஆரம்பி()ன்னு வைங்க. சி, ஜாவா பழக்கத்துல எல்லாரும் மெயின்னு வைக்கிறாங்க.

இஃப்புக்குள்ளயே முழு வேலையும் எழுதினா என்ன, ஃபங்ஷன் எதுக்கு?

ஓடும். ஆனா ஒரு நாள் கடிக்கும், எப்படின்னு சொல்றேன். இஃப்ங்கறது பைத்தான்ல தனி ஸ்கோப் (வேரியபிள் செல்லுபடியாகுற எல்லை) கிடையாது, அதனால இஃப்புக்குள்ள நீங்க வைக்கிற வேரியபிள் எல்லாம் குளோபல் ஆயிடும். இத பாருங்க, இங்க வரின்னா டாக்ஸ்:

டெஃப் வரி_சேர்(விலை):
    ரிட்டர்ன் விலை + விலை * விகிதம்
இஃப் __நேம்__ == "__மெயின்__":
    விகிதம் = 0.5
    பிரிண்ட்(வரி_சேர்(100))

விகிதத்த ஃபங்ஷனுக்குப் பாஸ் பண்ண மறந்துட்டோம், ஆனா நேரா ஓட்டினா 150.0 னு ஜம்முனு வருது, ஏன்னா விகிதம் குளோபலா கிடக்கு. தப்பு இருக்கறதே தெரியாது. இன்னொருத்தர் இத இம்போர்ட் பண்ணி வரி_சேர்(100) னு கூப்பிட்டா நேம்எர்ரர், விகிதம்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு. அவங்க உங்ககிட்ட வந்து கேப்பாங்க, நீங்க ஓட்டிப் பாப்பீங்க, உங்களுக்கு ஓடும், "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சொல்லுவீங்க. மெயின் ஃபங்ஷனுக்குள்ள வச்சிருந்தா விகிதம் அதுக்குள்ள லோக்கலா இருந்திருக்கும், மொத தடவ ஓட்டுறப்பவே எர்ரர் அடிச்சு மாட்டியிருக்கும்.

நான் எழுதினேன், ஓட்டினேன், எர்ரரும் இல்ல, அவுட்புட்டும் இல்ல. என்ன ஆச்சு?

பத்துக்கு ஒன்பது எழுத்துப் பிழை. வலது பக்க சரத்துல ஒரு அண்டர்ஸ்கோர் விட்டுட்டீங்க, இல்ல மெயின்ல ஒரு எழுத்து மாறிடுச்சு, இல்ல பெரிய எழுத்துல ஆரம்பிச்சிட்டீங்க. சரம்ங்கறதால பைத்தான் குறை சொல்லாது, ரெண்டும் ஒண்ணு இல்லன்னு அமைதியா தாண்டிப் போயிடும். இடது பக்கம் தப்பா அடிச்சிருந்தா நேம்எர்ரர் வந்து காப்பாத்தும். இன்னொண்ணு, மெயின்னு ஃபங்ஷன் எழுதிட்டு இஃப்புக்கு உள்ள அடைப்புக்குறி இல்லாம வெறும் மெயின்னு விட்டிருப்பீங்க, கூப்பிட்டதா ஆகாது.

ஒரே மாட்யூல மூணு ஃபைல் இம்போர்ட் பண்ணா மூணு தடவ ஓடுமா?

ஒரு தடவதான். ஓட்டின மாட்யூல சிஸ்.மாட்யூல்ஸ்னு ஒரு டிக்ஷனரில பேர் போட்டு வச்சிக்கும், அடுத்து யார் கேட்டாலும் அதுலேருந்து எடுத்துக் குடுக்கும். மறுபடி ஓட்டியே ஆகணும்னா இம்போர்ட்லிப்ல ரீலோட் இருக்கு.

அப்படின்னா என் ஃபைல் மட்டும் ஏன் ரெண்டு தடவ ஓடுது?

நீங்க நேரா ஓட்டின ஃபைலயே இன்னொரு மாட்யூல் பேர் சொல்லி இம்போர்ட் பண்ணுது. அந்த டிக்ஷனரில பேர் வச்சுத்தானே தேடுது, ஓட்டின ஃபைல் அதுல "__மெயின்__"ங்கற பேர்ல உக்காந்திருக்கு. ஆப்.பை ய நேரா ஓட்டுறீங்க, அது உதவி.பை ய இம்போர்ட் பண்ணுது, உதவி திரும்ப "இம்போர்ட் ஆப்"ங்குது. ஆப்ங்கற பேர்ல டிக்ஷனரில ஒண்ணும் இல்ல, அதனால அதே ஃபைல புதுசா இன்னொரு தடவ ஓட்டி ரெண்டாவது மாட்யூலா வச்சிக்கும். இப்போ ஒரே கிளாஸ் ரெண்டு பிரதி ஆயிடுச்சு. ஒரு பிரதில செஞ்ச ஆப்ஜெக்ட்ட இன்னொரு பிரதியோடதான்னு இஸ்இன்ஸ்டன்ஸ் போட்டு கேட்டா ஃபால்ஸ்னு சொல்லும், கிளாஸோட கோடு ரெண்டுலயும் அச்சு அசலா ஒண்ணா இருக்கும், மண்டை காயும்.

பிக்கில்லயும் (ஆப்ஜெக்ட்ட ஃபைல்ல சேவ் பண்ணி வைக்கிற வசதி) இதே கதைதான். நேரா ஓட்டின ஃபைல்ல இருக்குற கிளாஸோட ஆப்ஜெக்ட்ட பிக்கில் பண்ணா, உள்ள "__மெயின்__ல இருக்குற இந்தக் கிளாஸ்"னுதான் எழுதி வைக்கும். வேற ஸ்கிரிப்ட்லேருந்து அத லோட் பண்றப்ப அங்க __மெயின்__ங்கறது வேற ஃபைல், அதுல அந்தக் கிளாஸ் இல்ல, அட்ரிபியூட்எர்ரர். மெஷின் லேர்னிங் பண்றவங்க ட்ரெயின் பண்ண ஸ்கிரிப்ட்டுக்குள்ளயே கிளாஸ் எழுதி மாடல சேவ் பண்ணிட்டு, அப்புறம் சர்வர்ல லோட் ஆகலன்னு ராத்திரி முழுக்க முழிப்பாங்க, பாவம்.

ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான். நேரா ஓட்டுற ஃபைல்ல கிளாஸ் எதுவும் வைக்காதீங்க. முக்கியமானதெல்லாம் தனி மாட்யூல்ல, ஓட்டுற ஃபைல் வெறும் வாசப்படி.

மல்டிப்ராசஸிங் (ஒரே நேரத்துல பல பைத்தான் ப்ராசஸ் ஓட்டுறது) போட்டா விண்டோஸ்ல ரன்டைம்எர்ரர் வருது, லினக்ஸ்ல ஒழுங்கா ஓடுது. அந்த வரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம். விண்டோஸ்ல புது ப்ராசஸ் கிளப்புற முறைக்குப் பேர் ஸ்பான். புதுசா ஒரு பைத்தான ஆரம்பிச்சு, அதுக்குள்ள உங்க மெயின் ஃபைல மறுபடி இம்போர்ட் பண்ணும், அப்பத்தானே அதுக்கு உங்க ஃபங்ஷன் எல்லாம் தெரியும். அந்த ஃபைல்ல ப்ராசஸ் கிளப்புற வரி இடது ஓரத்துல இருந்தா, பிள்ளை ப்ராசஸும் அத ஓட்டி இன்னொரு பிள்ளைய கிளப்பப் பாக்கும். அது முடிவே இல்லாம போகக்கூடாதுன்னுதான் பைத்தான் நடுவுல புகுந்து ரன்டைம்எர்ரர் அடிக்குது. பிள்ளை ப்ராசஸ்ல __நேம்__ என்னவா இருக்கும்னா "__எம்பி_மெயின்__", அதனால உங்க இஃப் பொய்யாயிடும், உள்ள இருக்கறது ஓடாது.

லினக்ஸ்ல ரொம்ப நாளா ஃபோர்க்தான் வழக்கம், ஓடிட்டு இருக்குற ப்ராசஸ அப்படியே பிரதி எடுக்கும், ஃபைல மறுபடி ஓட்டாது, அதனால வரி இல்லேன்னாலும் தப்பிச்சிடும். மேக் ஓஎஸ் பைத்தான் 3.8லேருந்து ஸ்பானுக்கு மாறிடுச்சு, லினக்ஸும் 3.14ல ஃபோர்க்சர்வர்ங்கற முறைக்கு மாறிடுச்சு. "எனக்கு லினக்ஸ் தானே"ன்னு இனிமே அலட்சியமா இருக்க முடியாது, இங்க மட்டும் இந்த இஃப் அழகுக்காக இல்ல, கட்டாயம்.

பைத்தான் -எம் போட்டு ஓட்டினா __நேம்__ என்ன வரும்?

அப்பவும் "__மெயின்__"தான். மாட்யூல் பேர் சொல்லித்தான் கூப்பிடுறோம், ஆனாலும் அது நேரா ஓட்டுறதா கணக்கு. ஆனா ஒரு பெரிய லாபம் உண்டு. பேக்கேஜுக்குள்ள (மாட்யூல்கள ஒண்ணா வச்சிருக்குற போல்டர்) இருக்குற ஃபைல அதோட பாதைய குடுத்து ஓட்டினா, உள்ள புள்ளி வச்ச ரிலேட்டிவ் இம்போர்ட் இருந்துச்சுன்னா இம்போர்ட்எர்ரர் வரும், எனக்கு அப்பா பேக்கேஜ் யாருன்னே தெரியலன்னு. -எம் போட்டா அந்த ஃபைல் எந்தப் பேக்கேஜ சேந்ததுன்னு __பேக்கேஜ்__ங்கற வேரியபிள்ல இருக்கும், அதனால ஒழுங்கா ஓடும். பேக்கேஜோட மேல் போல்டர்ல நின்னுட்டு புள்ளி வச்ச பேரா குடுங்க, கடைசில .பை போடாதீங்க.

முழு பேக்கேஜயே -எம் குடுத்து ஓட்டணும்னா அதுக்குள்ள __மெயின்__.பை னு ஒரு ஃபைல் வைங்க, அதத்தான் ஓட்டும். அந்த ஃபைல்ல இஃப் தேவையான்னு கேட்டா, வழக்கமா வைக்க மாட்டாங்க, ஏன்னா அது இருக்கறதே ஓட்டறதுக்குத்தான்.

பிப் போட்டு இன்ஸ்டால் பண்ணி கமாண்டா ஓட்டுறேன், என் இஃப்புக்குள்ள இருக்கறது ஓடவே இல்லயே?

ஓடாது. இன்ஸ்டால் ஆகுறப்ப பிப் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் செஞ்சு வைக்கும், அது உங்க மாட்யூல இம்போர்ட் பண்ணி, நீங்க என்ட்ரி பாயிண்ட்ல சொன்ன ஃபங்ஷன கூப்பிடும். இம்போர்ட்தானே, இஃப் பொய். ஆர்க்யூமென்ட் படிக்கிறது, லாகிங் செட் பண்றது எல்லாத்தையும் இஃப்புக்கு கீழ வச்சிருந்தீங்கன்னா அதெல்லாம் காணாம போகும். மெயினுக்குள்ள கொண்டு போங்க.

ஜூபிட்டர் நோட்புக்ல __நேம்__ என்ன வரும்? பைடெஸ்ட்ல (டெஸ்ட் ஓட்டுற டூல்)?

ஜூபிட்டர் செல்லுல __நேம்__ "__மெயின்__"தான், இன்டராக்டிவ் ஷெல்லுலயும் அப்படியே. பைடெஸ்ட் உங்க ஃபைல இம்போர்ட் பண்ணும், அதனால இஃப் பொய், நல்லதுதான்.

இம்போர்ட் பண்ணவே மாட்டேன், நேரா மட்டும்தான் ஓட்டுவேன். அப்பவும் வேணுமா?

இருபது வரி ஸ்கிரிப்ட், இன்னிக்கு ஓட்டிட்டு நாளைக்கு தூக்கிப் போடறது, வேணாம். எல்லாத்துக்கும் இத ஒட்டி வைக்கிறவங்கள பாத்தா எனக்கே கொஞ்சம் எரிச்சல் வரும். ஆனா ஃபைல்ல அழிக்கிற, அனுப்புற, காசு சம்பந்தப்பட்ட வேலை ஏதாவது இருந்தா எவ்ளோ சின்னதா இருந்தாலும் வைங்க. எடிட்டரோட டெஸ்ட் தேடுற வசதி, டாக்குமென்டேஷன் செய்யிற டூல்னு உங்களுக்குத் தெரியாமலே இம்போர்ட் பண்ற ஆளுங்க நெறய இருக்காங்க.

ரேண்டம்.பை னு ஃபைல் வச்சேன், பிரிண்ட் ரெண்டு ரெண்டா வருது.

ஃபைல் பேர மாத்துங்க. உள்ள "இம்போர்ட் ரேண்டம்"னு எழுதியிருப்பீங்க, ஸ்கிரிப்ட் இருக்குற போல்டரத்தான் பைத்தான் முதல்ல தேடும், அதனால உங்க ஃபைல் தன்னையே இம்போர்ட் பண்ணிக்குது.

இவ்ளோ அசிங்கமான வரிக்கு பதில் வேற ஏதாவது வைக்கக் கூடாதா?

கேட்டுப் பாத்தாங்க. மாட்யூலுக்குள்ள __மெயின்__னு ஒரு ஃபங்ஷன் இருந்தா பைத்தானே கூப்பிடட்டும்னு பெப் 299 ல (பெப்னா பைத்தான்ல மாத்தம் கேட்டு எழுதுற முன்மொழிவு) ஒரு யோசனை வந்துச்சு, நிராகரிச்சாங்க. 2007ல பெப் 3122 னு இன்னொண்ணு, மெயின் மாட்யூலயும் அதோட சொந்தப் பேர்லயே வச்சிக்கலாம்னு, அதயும் நிராகரிச்சாங்க. அது மட்டும் வந்திருந்தா மேல சொன்ன ரெண்டு பிரதி தொல்லையே இருந்திருக்காதுன்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

மத்த மொழில இத எப்படி பண்றாங்க?

ரூபில "இஃப் __ஃபைல்__ == $0", இந்த ஃபைலும் ஓட்டின ப்ரோக்ராம் பேரும் ஒண்ணான்னு பாக்கும். பேர்ல்ல "அன்லெஸ் காலர்", என்னை யாரும் கூப்பிடலன்னா ஓடுன்னு அர்த்தம், படிக்கவே நல்லா இருக்கு. பாஷ்ல சோர்ஸ் பண்றதுதான் இம்போர்ட் மாதிரி, பாஷ்_சோர்ஸோட முதல் உறுப்பும் $0 ம் ஒண்ணா இருந்தா நேரா ஓடுதுன்னு அர்த்தம்.

நோட்.ஜேஎஸ்ல (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுறது) பழைய ரெக்வயர் முறைன்னா "ரெக்வயர்.மெயின் === மாட்யூல்", சுத்தமான வழி. புது இம்போர்ட் முறைக்குப் போனப்புறம் அது கிடையாது, ரொம்ப நாளா ஃபைலோட யூஆர்எல்ல எடுத்து, ப்ராசஸ்.ஆர்க்வியோட ரெண்டாவது உறுப்பு கூட ஒப்பிட்டு ஓட்டிட்டு இருந்தாங்க. அது பாதை ஒப்பிடுற விளையாட்டு, சிம்லிங்க் (ஃபைல இன்னொரு பேர்லேருந்து காட்டுற குறுக்கு வழி) வழியா ஓட்டினா, இல்ல .ஜேஎஸ் போடாம ஓட்டினா உதைக்கும். டீனோ, பன்னு ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற வேற ரெண்டு இருக்கு, அதுல இம்போர்ட்.மெட்டா.மெயின்னு ஒண்ணு முன்னாடியே உண்டு, நோடும் 24.2ல அதயே கொண்டு வந்துடுச்சு.

சி, ஜாவா, கோ ஆளுங்களுக்கு இந்தக் கேள்வியே புரியாது. அங்க இன்க்ளூட் பண்ணாலோ இம்போர்ட் பண்ணாலோ அடுத்தவன் மெயின் ஓடாது, ஆரம்பிக்கிற இடம் தனியா குறிச்சு வச்சிருக்கும்.

என்னை இம்போர்ட் பண்ணது யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?

ஸ்டாக்க (யார் யார கூப்பிட்டாங்கங்கற பட்டியல்) தோண்டினா முடியும். ஆனா அத வச்சு மாட்யூலோட நடத்தைய மாத்தாதீங்க, ஏன்னா ஒரு தடவதான் ஓடும்னு சொன்னேன்ல, முதல்ல வந்தவரு யாருங்கறது மட்டும்தான் தெரியும், அடுத்து வர்றவங்களுக்கு உங்க கோடே ஓடாது.